அணைத்த பிறகும் பேசிய குரல்

டிவியில் ஒரு பெண் வாயைக் கிழித்துக்கொண்டு அலறினாள். ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் ஊசி விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தான்.

ஊசி என்பது அவனுக்கு வைத்த பெயரல்ல, வந்த பெயர். யாரோடு பேசினாலும் எங்காவது ஒரு குத்து குத்திவிடுவான். முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தான். இப்போது கம்பியக்காவின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன்.

அவன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். ரிமோட் பிசுக்கென்று விரலில் ஒட்டியது. திரையின் அடியில் சத்த அளவுக் கோடு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஓடியது. அலறுகிறவள் அலறிக்கொண்டே இருந்தாள், ஊமையாக.

"அவ வந்துட்டுப் போனா இப்படித்தான்," என்றார் பெரியவர். "பேசி முடிச்சுட்டுப் போயிடுவா. டிவி ஊமையாயிடும்."

அவ என்றால் அவருடைய மனைவி. போன வருஷம் இறந்துபோனவர்.

பெரியவர் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் முன்னால் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத ஸ்டியரிங்கைப் பிடித்தது போலவே இருந்தார். அவர் காலடியில் ஒரு தட்டு. நேற்றுச் சாப்பிட்டது. அதன்மேல் எறும்புகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

"நான் சொன்னேன்ல மேடம்?" என்றாள் மகள். இவர்களைக் கூப்பிட்டவள் அவள்தான். மாடியில் குடியிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் விளிம்புவரை நின்றது, வழியவில்லை. "சாயங்காலம் மனநல டாக்டர் வர்றார். வீட்டுல ஒளிச்சு வெச்ச ஸ்பீக்கர் எதுவும் இல்ல, வெளியாள் யாரும் செய்யலன்னு நீங்க தேடிப் பார்த்துட்டு எழுதிக் குடுத்தா போதும். மத்ததை டாக்டர் முடிவு பண்ணிப்பார்."

"முடிவு என்னன்னா?" என்று கேட்டார் கம்பியக்கா.

"காப்பகத்துல சேர்த்துடறது. வீட்டை நான் பார்த்துப்பேன்."

"நான் ஓட்டின பஸ்ஸுல ஒருத்தர்கூட விழுந்ததில்ல," என்றார் பெரியவர் சுவரைப் பார்த்து. "இப்ப என்னையே இறக்கி விடறாங்க."

மகள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாயில் வைத்து, கடைவாய்ப் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்தாள். கிழிந்த துணுக்கைத் தூவென்று தரையில் துப்பினாள். எச்சில் மினுங்கும் பாக்கெட்டை ஊசிக்கு நீட்டினாள். "சாப்பிடுங்க."

"வேணாம்மா. டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னுட்டார்."

"எந்த டாக்டர்?"

"சாயங்காலம் வர்றவர்தான். வந்ததும் சொல்வார்."

"சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு வாய்தான் கத்திரிக்கோல்," என்றார் பெரியவர். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு செல்லம் இருந்தது.

மகள் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தேடல் ஆரம்பித்தது.

கம்பியக்கா இருபது வருஷம் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். அதனால் வந்த பெயர்தான் அது. அவரிடம் சிக்கியவர்கள் கம்பி எண்ணுவதால் வந்த பெயர் என்று ஊசி ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தான். அக்கா நாற்காலி போட்டு பரண்களைப் பார்த்தார். ஊசிக்குக் கீழ்ப்பக்கம் வாய்த்தது. சோபாவுக்கு அடியில் கைவிட்டான். ஒரு காலுறை, முடி சுருண்ட சீப்பு, பல்லி ஒன்றின் காய்ந்த உடல். கடைசியாக விரல் எதையோ தொட்டது. ஈரமாக இருந்தது. அது என்னவென்று தெரிந்துகொள்ள அவனுக்கு விருப்பமில்லை. போய்க் கை கழுவினான். வந்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி போய்க் கழுவினான்.

"ஒரு ஸ்பீக்கர்கூட ஒளிஞ்சிருக்கலக்கா. இந்த அழுக்குல ஒளிய அதுக்கே மனசு வராது."

அக்கா ஹாலை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "ஊசி, இந்த ரூம்ல துடைச்சு வெச்ச பொருள் எது?"

அவன் பார்த்தான். மேஜையில் தூசி, ஜன்னலில் தூசி. ஒன்றே ஒன்றுதான் பளபளத்தது. டிவி மேஜையின் கீழ்த்தட்டில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பெரியவரின் மனைவி சிரித்துக்கொண்டிருந்தார்.

"போட்டோ. அம்மா மேல பாசம்."

"இருக்கலாம்." அக்கா பெரியவருக்கு எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, அவங்க என்ன சொல்றாங்க?"

"'இங்க ஒரே இருட்டா இருக்குங்க. எப்ப வருவீங்க?' அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையேதான் கேக்கறா. அந்த போட்டோ பக்கத்துலேர்ந்துதான் வருது. நான் தனியா இருக்கறப்ப மட்டும்."

"சத்தத்தைக் குறைச்சுப் பார்த்தீங்களா?"

"குறைஞ்சாத்தானே! முன்னல்லாம் இந்த ஒரு ரிமோட்டுக்கு எல்லாம் அடங்கும். இப்ப அழுத்தினா கோடு குறையுது, அவ குறையல."

"டிவியையே அணைச்சா?"

"அணைச்சேன். படம் போச்சு. அவ போகலம்மா. இருட்டுத் திரைக்குப் பக்கத்துலேர்ந்து, எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அப்பதான் நானே நினைச்சேன், எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு."

ஊசிக்கு முதுகில் ஒரு குளிர் ஓடியது. அக்காவின் முகமோ, புது பொம்மையைப் பிரிக்கப்போகும் குழந்தையின் முகம் போல மலர்ந்திருந்தது.

"அணைச்ச பிறகும் பேசினாங்களா? ரொம்ப நல்லது. ஊசி, டிவி மேஜையை இழு."

இழுத்தான். பின்னால் வருஷக்கணக்கான தூசி, கம்பளி போல. கரப்பான் முட்டைகள் மிளகு கொட்டினாற்போலக் கிடந்தன. ஒரு உயிருள்ள கரப்பான் இவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனது. ஊசி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அக்கா அந்தக் குப்பையில் மண்டியிட்டு உட்கார்ந்து, கம்பிகளைக் கண்டதும் உறவினரைக் கண்டது போலப் பேச ஆரம்பித்தார்.

"ஐயா, இங்க வாங்க. உங்க டிவிக்குக் கண்ணு மட்டும்தான். வாய் அங்க இருக்கு." மேஜையின் கீழ்த்தட்டில், போட்டோவுக்குப் பின்னால் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். "இதுதான் ரிசீவர். சுவரோரமா நிக்குதே அஞ்சு ஸ்பீக்கர், அதுக்கெல்லாம் சத்தம் குடுக்கறது இது. டிவியிலேர்ந்து சத்தம் இதுக்குப் போய்ச் சேரணும். எந்த ரோட்டுல போகுதுங்கறதுதான் விஷயம்."

ஒல்லியான ஒரு கம்பியை டிவியிலிருந்து உருவினார். அந்தத் துளைக்குள் ரத்தச் சிவப்பில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

"இது ஒளிக்கம்பி. டிவி தன் சத்தத்தை வெளிச்சமா மாத்தி இது வழியா அனுப்புது. அனுப்பறதோட சரி. அந்தப் பக்கம் கேக்கறாங்களா, வேற யார்கிட்டயாவது பேசிட்டிருக்காங்களான்னு அதுக்குத் தெரியாது."

"என் கல்யாண வாழ்க்கை மாதிரி," என்றான் ஊசி.

"ஒன் வே," என்றார் பெரியவர்.

"அதேதான் ஐயா. ஒன் வே. இப்ப இதைப் பாருங்க." தூசிக்குள் செத்த பாம்பு போலக் கிடந்த தடித்த கம்பியை அக்கா தூக்கினார். ஒரு முனை ரிசீவரின் முதுகில் செருகியிருந்தது. மறுமுனை சும்மா தொங்கியது. "எச்.டி.எம்.ஐ. கம்பி. டிவியில இதுக்கு மூணு துளை இருக்கு. ரெண்டுல சிலந்தி வீடு கட்டிக் குடியிருக்கு. ஒண்ணு மட்டும் சுத்தமா இருக்கு. பக்கத்துல ஏ.ஆர்.சி.ன்னு எழுத்து. அப்படின்னா, ரிசீவர்லேர்ந்து டிவிக்குப் படம் கொண்டு வர்ற அதே கம்பியில, டிவி தன் சத்தத்தைத் திருப்பி அனுப்பும்."

"ரிட்டர்ன் ட்ரிப்ல ஆள் ஏத்திக்கிட்டுப் போற மாதிரி."

"ஐயாவுக்குப் பைத்தியமா?" என்றான் ஊசி. "எனக்கே இன்னும் புரியலயே."

"சத்தம் மட்டுமில்ல ஐயா. இந்த ரோட்டுல ரெண்டு பெட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். நீங்க டிவி ரிமோட்ல சத்தத்தைக் குறைச்சா, ரிசீவர் குறைச்சுக்கும். டிவியை அணைச்சா, அதுவும் அணைஞ்சுடும்."

"கண்டக்டர் விசில்!" பெரியவர் நிமிர்ந்தார். "ஒரு விசிலுக்கு நிறுத்தணும், ரெண்டு விசிலுக்கு எடுக்கணும்."

"அந்தக் கண்டக்டரை யாரோ நடுவழியில இறக்கி விட்டுட்டாங்க. தடித்த கம்பியைப் புடுங்கிட்டு ஒல்லிக் கம்பியைச் செருகியிருக்காங்க. அதனாலதான் நீங்க அழுத்தினது ரிசீவருக்குப் போய்ச் சேரல. டிவியை அணைச்சீங்க, டிவி அணைஞ்சுது. ரிசீவர் முழிச்சுக்கிட்டே இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே அக்கா கையை நீட்டிப் போட்டோவை நகர்த்தினார். அதற்குப் பின்னால் ரிசீவரின் நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடி. நீல எழுத்து ஒளிர்ந்தது: புளூடூத்.

"இது பஸ் மேல இருக்கற ஊர்ப் பலகை மாதிரி. எங்கேர்ந்து சத்தம் வாங்குதுன்னு சொல்லும். டிவின்னு இருக்கணும். இருக்கறது புளூடூத். அதாவது, பக்கத்துல எங்கேயோ இருக்கற ஒரு போன்லேர்ந்து வாங்குது. போன் பேசினதும் ரிசீவர் டிவியை விட்டுட்டு அந்தப் பக்கம் தாவிடும். பேச்சு முடிஞ்சாலும் தானா திரும்பாது. அதனாலதான் அப்புறம் உங்க டிவி ஊமை. யாராவது ரிசீவரை மாத்தி வெச்சாத்தான் வாய் திரும்பி வரும். வழக்கமா யார் வந்து சரி பண்றது?"

பெரியவரின் பார்வை மாடிப்படிக்குப் போனது.

ஊசியின் காலடியில் தூசிக்குள் ஏதோ மின்னியது. கைக்குட்டையால் எடுத்தான். சுண்டு விரல் நகம் அளவு பிளாஸ்டிக் மூடி.

"புது ஒளிக்கம்பியோட முனையில இது மாட்டியிருக்கும்," என்றார் அக்கா. "நகத்தால இழுத்தா வந்துடும்."

ஊசி அதை வெளிச்சத்தில் பிடித்தான். நகத்தால் இழுக்கவில்லை. இரண்டு பக்கமும் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. அவன் பார்வை தானாகத் தரைக்குப் போனது. அங்கே, எச்சில் காயாமல், பிஸ்கட் பாக்கெட்டின் துணுக்கு கிடந்தது.

இந்த வீட்டின் அழுக்கெல்லாம் அவனுக்கு இப்போது சுத்தமாகத் தெரிந்தது.

"அக்கா," என்றான் மெல்ல. "பெத்தவளோட போட்டோவைத் துடைச்சுத் துடைச்சு, அந்தக் கண்ணாடியை மறைக்க வெச்சிருக்கா. அப்படின்னா நம்மள எதுக்குக் கூப்பிட்டா?"

"ஒளிச்சு வெச்ச ஸ்பீக்கரைத் தேடச் சொன்னா. ஒளிக்காத அஞ்சைப் பத்தி மூச்சு விடல. நாம ஒண்ணும் கிடைக்கலன்னு கையெழுத்துப் போட்டா, குரல் ஐயாவோட தலைக்குள்ளதான் இருக்குன்னு ஆயிடும்." அக்கா தூசி படிந்த கையைப் புடவையில் துடைத்தார். முகத்தில் இருந்த குழந்தை காணாமல் போயிருந்தது. "நம்மள அவ கூப்பிட்டதே தோக்கறதுக்குத்தான்டா."

"நாற்பது வருஷம் கண்ணாடியில பின்னாடி பார்த்துக்கிட்டே வண்டி ஓட்டினவன் நான்," என்றார் பெரியவர். குரல் மட்டும் கேட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நீங்க ரகசியமா பேச வேண்டாம். என் போன் கண்ணாடி உடைஞ்சிருச்சு, சரி பண்ணித் தர்றேன்னு வாங்கிட்டுப் போனா. அதுலதான் என் வீட்டுக்காரி பேசி அனுப்பினது எல்லாம் இருக்கு."

டிவியில் அந்தப் பெண் இப்போது ஊமையாக அழுதுகொண்டிருந்தாள்.

கம்பியக்கா ஒல்லிக் கம்பியை எடுத்துவிட்டார். தடித்த கம்பியை ஏ.ஆர்.சி. துளையில் செருகினார். டிவியின் அமைப்புக்குள் போய், சத்தம் போக வேண்டிய இடத்தை ரிசீவர் என்று மாற்றினார். ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதியை இரண்டு பெட்டியிலும் திறந்துவிட்டார். டிவியை ஒருமுறை அணைத்துப் போட்டார். நீல எழுத்து டிவி என்று மாறியது. அழுகைச் சத்தம் ஹாலை நிறைத்தது. பெரியவர் ரிமோட்டை அழுத்தினார். அழுகை விசும்பலாகி அடங்கியது. அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புளூடூத்தை மட்டும் அக்கா தொடவில்லை. போட்டோவைப் பழைய இடத்தில் வைத்தார். பெரியவரின் காதில் இரண்டு வாக்கியம் சொன்னார்.

மகள் புடவை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தபோது மேஜை சுவரோடு ஒட்டியிருந்தது.

"ஏதாவது கிடைச்சுதா மேடம்?"

"ஒளிச்சு வெச்ச ஸ்பீக்கர் ஒண்ணுகூட இல்லம்மா."

விளிம்பில் நின்ற கண்ணீர் ஒருவழியாக வழிந்தது. "டிவி சரியாயிடுச்சா?"

"ரெண்டு தட்டு தட்டினேன்," என்றான் ஊசி. "சில ஜென்மங்களுக்கு அதுதான் மருந்து."

ஆபீஸ் போய் அறிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் டாக்டர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினார். அக்கா விஷயத்தைச் சொன்னார். டாக்டர் முகத்தைச் சுளித்தார், நம்பாமலா அருவருப்பிலா என்று தெரியவில்லை. ஆனாலும் அக்காவோடு ஹால் ஜன்னலுக்கு வெளியே, செடித் தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டார். ஊசி பூனை நடை நடந்து மாடிப்படிக்குப் போனான்.

மகள் படியின் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிஸ்கட். கையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். டாக்டர் வருவதற்குள் அப்பாவைக் கடைசியாக ஒரு உலுக்கு உலுக்கிவிடப் போகிறாள். அவள் முகத்தில் கோபத்தையோ, குறைந்தது ஒரு பயத்தையோ எதிர்பார்த்தான் ஊசி. எதுவும் இல்லை. குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருப்பவளின் முகம். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே போன் திரையை விரலால் தொட்டாள்.

கீழே ஹாலில் குரல் எழுந்தது. வாஞ்சையான, கொஞ்சம் கரகரத்த குரல்.

"இங்க ஒரே இருட்டா இருக்குங்க. எப்ப வருவீங்க?"

மறுபடியும். "இங்க ஒரே இருட்டா இரு..."

குரல் சின்னதானது. தூரத்துக் குரலானது. முணுமுணுப்பானது. பிறகு டக்கென்று இல்லாமல் போனது.

மகள் போனை முறைத்தாள். அழுத்தினாள். இன்னும் அழுத்தமாக அழுத்தினாள். நகத்தைக் கடித்தாள்.

"அம்மா லைன்ல இல்லம்மா," என்றான் ஊசி கீழ்ப்படியிலிருந்து. "அப்பா சுவிட்சை அணைச்சுட்டார்."

ஹாலுக்கு வந்தபோது டிவி கறுத்திருந்தது. போட்டோவுக்குப் பின்னால் ரிசீவரின் நீல வெளிச்சமும் அணைந்திருந்தது. பெரியவர் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என் கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று வெடித்தாள் மகள். "ஒருத்தியா நின்னு பார்த்துக்கறேன்! சோறு போடறேன்!"

"பார்த்தேம்மா," என்றான் ஊசி, காலடித் தட்டைக் காட்டி. "எறும்புங்க சாப்பிடறதை."

டாக்டர் அவளிடமிருந்து போனை வாங்கினார். மனைவி அனுப்பிய பேச்சுகளைத் தேடினார். ஒன்று, அந்த இரண்டு வரி மட்டும் இருக்கும்படி வெட்டியது. அதற்குக் கீழே வெட்டாத முழுசு. அதைத் தொட்டார்.

"இங்க ஒரே இருட்டா இருக்குங்க. எப்ப வருவீங்க? ஹால் பல்பு போயிடுச்சு. வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மறந்துட்டு வந்தீங்க, கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்!" கடைசியில் ஒரு சிரிப்பு.

பெரியவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ஒட்டடைக்கு நடுவில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"வாங்கிட்டு வந்தேனே," என்றார். "அன்னிக்கே வாங்கிட்டு வந்துட்டேன்."

மகள் தரையைப் பார்த்தாள். ஊசி அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கண்ணையும் போய்க் கழுவ வேண்டியிருக்கும் என்று நினைத்தான்.

டாக்டர் பையைத் திறக்காமலே தோளில் மாட்டிக்கொண்டார். "இவர் மனசுல ஒரு கோளாறும் இல்ல. அதைத்தான் எழுதிக் குடுப்பேன். போன் இவர்கிட்டயே இருக்கட்டும்."

"சாவியை வெச்சுட்டு மாடிக்குப் போ," என்றார் பெரியவர் மகளிடம். சத்தம் போடவில்லை. "இந்த ஹாலுக்கு இனிமே நான் கூப்பிட்டா வா."

சாவி மேஜைமேல் விழுந்தது. படியேறும் சத்தம் கேட்டு ஓய்ந்த பிறகு, அவர் கம்பியக்காவிடம் திரும்பினார்.

"நாளைக்கே மறுபடியும் யாராவது கம்பியை மாத்திட்டா நானே சரி பண்ணிக்கணும். சொல்லிக் குடுங்கம்மா."

அக்கா மண்டியிட்டு, அவர் விரலைப் பிடித்துத் துளைகளின்மேல் வைத்தார்.

"டிவியில ஏ.ஆர்.சி.ன்னு எழுதின துளை. ரிசீவர்லயும் ஏ.ஆர்.சி.ன்னு எழுதின துளை. ரெண்டுக்கும் நடுவுல இந்தத் தடித்த கம்பி ஒண்ணு போதும். ஒல்லிக் கம்பி வேண்டாம். டிவியோட அமைப்புல, சத்தம் போற இடம் ரிசீவர்னு இருக்கணும். ஒண்ணையொண்ணு கட்டுப்படுத்தற வசதி ரெண்டு பெட்டியிலும் திறந்திருக்கணும். ரிசீவர்ல புளூடூத்தை மூடிடுங்க." அவரே அதை மூடினார். "இப்ப உங்க கையில இருக்கற ரிமோட்டை அழுத்திப் பாருங்க."

பெரியவர் அழுத்தினார். படம் வந்தது, சத்தமும் வந்தது. குறைத்தார், குறைந்தது. அணைத்தார். இரண்டு பெட்டியும் ஒன்றாக அணைந்தன.